வெள்ளை விளக்கில் ஆத்தா

சாயல்குடியில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் கல்யாண ஆல்பங்களைப் பார்ப்பதற்கு முன்னால், மேஜைக்குப் பின்சுவரில் மாட்டியிருக்கும் ஒரு விளக்குப் படத்தைத்தான் பார்ப்பார்கள். தாமரை மாதிரி ஒட்டிய வெள்ளைக் காகித விளக்கு. அதன் அடியில் தொங்கும் சீட்டில் நம் எழுத்தில் ‘ஆத்தா’ என்று எழுதியிருக்கும். பக்கத்து விளக்குகளின் சீட்டிலெல்லாம் கொரிய எழுத்து. “எந்த ஊரு கோயில் கொடைண்ணே இது?” என்று கேட்பார்கள். கொரியா என்று சொன்னால், கதை விடுகிறேன் என்று சிரித்துக்கொள்வார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு ஆல்பத்தை எடுத்துப் போடுவேன். அந்தப் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குக் கடை நடந்த மாதிரிதான்.

அங்கே ஒரு கப்பல் கட்டும் தளத்தில் நான் பெயிண்டடித்துக் கொண்டிருந்தேன். என் அறையில் கூட இருந்த அண்ணன் மாரியூர்க்காரர், வெல்டர். உறவெல்லாம் இல்லை, ஊருக்கு வெளியே போனால் பக்கத்து ஊர்க்காரன் தானாகவே அண்ணனாகிவிடுகிறான். பகலெல்லாம் இரும்புச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அறைக்கு வந்த பிறகோ பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. சன்னலுக்கு வெளியே கடல் கிடந்தது. ஆனால் கருவாட்டு வாடை இல்லாத அந்தக் கடலை எங்களால் கடலாகவே நினைக்க முடியவில்லை. அண்ணன் ஊருக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. தங்கச்சி கல்யாணம், வீட்டு வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, ஒவ்வொரு தடவையும் பயணம் தள்ளிப்போனது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அதுவும் எப்படி? அவருடைய அம்மா போனை வாங்கியதும் காதில் வைத்துக்கொள்வார்கள். இங்கே திரை முழுக்க ஒரு காதும் கொஞ்சம் நரைமுடியும்தான் தெரியும். “ஆத்தா, மொகத்துக்கு முன்னாடி பிடி” என்று இவர் கத்துவார். “கேக்குது கேக்குது, சாப்பிட்டியாய்யா?” என்று அந்தக் காது கேட்கும். நான் போர்வைக்குள் சிரிப்பேன். அண்ணன் சிரிக்க மாட்டார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வசந்த காலத்தில் புத்தர் பிறந்தநாளுக்கு அந்த ஊர் மலைக்கோயிலில் விளக்குத் திருவிழா நடக்கும். பழைய கேமரா ஒன்று கைக்கு வந்த புதிது, எனக்குப் படம் எடுக்கும் கிறுக்கு. அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். இருட்டியதும் முற்றம் முழுக்கத் தலைக்கு மேல் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த காகித விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, ரோஸ், ஒரு பக்கம் பூராவும் வெள்ளை. குடும்பம் குடும்பமாக நின்று, வேண்டிக்கொண்டு பெயர் எழுதிக் கட்டிய தங்கள் சீட்டைத் தேடிக் காட்டிச் சிரித்தார்கள். அவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவில், நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இல்லையே என்று தோன்றியது.

நான் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அண்ணன் ஒரு சீட்டு எழுதி, வெள்ளை விளக்கு ஒன்றில் கட்டக் கொடுத்துவிட்டார். அவருடைய அப்பா கடலில் இறந்துபோனபோது அண்ணன் கைக்குழந்தை, தங்கச்சி வயிற்றில். அன்றிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். வெள்ளை விளக்கைப் பார்த்ததும் அவருக்கு ஆத்தா ஞாபகம் வந்துவிட்டது. பெற்றவளைப் பெயர் சொல்லிப் பழக்கமில்லாததால் சீட்டிலும் ‘ஆத்தா’ என்றுதான் எழுதினார்.

அவரிடம் சீட்டை வாங்கிய, கோயிலில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் கொஞ்சம் கழித்து அவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “அம்மா எப்போது காலமானார்கள்?” என்று கேட்டார். அண்ணனுக்கு ஓரளவு கொரிய மொழி தெரியும். புரிந்ததும் முகம் செத்துப்போனது. வண்ண விளக்குகள் உயிரோடு இருப்பவர்களுக்காம். வெள்ளை, இறந்தவர்களுக்காம்.

“ஏலே, உசுரோட இருக்கவளுக்குக் கொள்ளி வச்சுட்டேனேலே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே அதை இறக்கியாக வேண்டும். ஆனால் அதற்குள் எங்கேயோ கட்டிவிட்டார்கள். காற்றில் எல்லாச் சீட்டுகளும் திரும்பித் திரும்பிச் சுழன்றன. “நீ படம் பிடிலே, பெருசாக்கிப் பாப்பம்” என்றார். வரிசை வரிசையாக எடுத்தேன். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு திரையில் தேடினோம். கோடும் வட்டமுமான எழுத்துகளுக்கு நடுவில் சுழித்துக்கொண்டு நின்றது நம் ‘ஆ’. “இந்தா இருக்கா!” என்று அவர் போட்ட சத்தத்தில் முற்றமே திரும்பிப் பார்த்தது. என் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

கோயில் அம்மாள் கொக்கி மாட்டிய நீளக் கம்பால் விளக்கை இறக்கிச் சீட்டை அவிழ்த்தார். பிறகு, “அம்மாவுக்குப் பிடித்த நிறம் எது?” என்று சாதாரணமாகக் கேட்டார். வெள்ளையைத் தவிர வேறு எதிலும் அண்ணன் தன் அம்மாவைப் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். வழக்கம்போல் காது வந்தது.

“ஆத்தா, ஒனக்கு என்ன கலரு பிடிக்கும்?”

“என்னய்யா கேள்வி இது? ஒடம்புக்கு என்னமும் செய்யுதா? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் ஆத்தா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கோயில் அம்மாள்தான் பார்த்து ஒரு ரோஸ் விளக்கில் சீட்டைக் கட்டினார்.

என் ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பிய பிறகு, அண்ணனின் அம்மாவைப் பார்க்க மாரியூர் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கினேன். கிளிப்பச்சைச் சேலை.

“வெள்ளைய விட்டு ரெண்டு வருசமாச்சு தம்பி. மக எடுத்துக் குடுத்தா. ஊரு என்ன சொல்லுமோன்னு மொதல்ல கூச்சமா இருந்துச்சு. பச்சைன்னா எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே உசுரு.”

காதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு இது எப்படித் தெரியும்? போனை முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டும் என்று நான் செய்து காட்டப் போனேன்.

“தெரியும்யா” என்றார்கள். “அவன் மொகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வரமாட்டேங்குது. நான் அழுதா அவனும் அழுவான். அதான் காதுல வச்சுக்கிறது.”

கேமராவில் அவர்களை ஒரு படம் எடுத்தேன். தலையைத் தடவி, முந்தானையைச் சரிசெய்து, நேராகப் பார்த்து நின்றார்கள். அனுப்பட்டுமா என்று கேட்டபோது மட்டும் கையை மறித்தார்கள். “வேணாம். அவன் வந்து பாக்கட்டும்.”

அந்தப் பச்சைச் சேலைப் படம் இப்போது சுவரில் இருக்கும் விளக்குப் படத்துக்குப் பின்னால், அதே சட்டத்துக்குள் இருக்கிறது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அதை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம், அண்ணன்தானோ என்று வாசலை எட்டிப் பார்ப்பதும் உண்டு. அண்ணன் போன் செய்யும்போது மறக்காமல் கேட்பார்: “ஆத்தாவுக்கு என்ன கலருன்னு கேட்டியாலே?”

“நீயே வந்து கேளுண்ணே” என்பேன்.

இந்த வருஷமும் திருவிழாவில் ஆத்தாவுக்குக் கட்டிய விளக்கைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ரோஸ்தான்.