இரவல் அட்டை இல்லாத கோடை

ஒருவர் யார் என்பதை அவர் செய்கிற வேலை சொல்கிறதா, அவரைப் பற்றி எழுதி வைத்திருப்பது சொல்கிறதா? உல்ரிகா சான்ட்ஸ்ட்ரோம் இப்படியெல்லாம் கேட்கிறவர் அல்ல. ஆனால் அவருடைய இருபத்தேழு வருட வேலைக்குள் இந்தக் கேள்வி உட்கார்ந்திருந்தது.

வடக்கு ஸ்வீடனில், ஆல்விக் நகரத்து மருத்துவமனையின் சாவி மேசையில் சேர்ந்தவர் அவர். சாவிகள் போய் அட்டைகள் வந்தன. யாருடைய அட்டை எந்தக் கதவைத் திறக்கும், யார் எந்த நோயாளியின் குறிப்பைப் படிக்கலாம் என்பதெல்லாம் கணினியில் குழுக்களாயின. ஐந்தாம் வார்டின் மருந்து அலமாரிக்கு ஒரு குழு, எக்ஸ்ரே படங்களுக்கு ஒரு குழு. வார்டுத் தலைவி படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புவார். உல்ரிகா பெயரைக் குழுவில் சேர்ப்பார். சேர்க்கச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்தினார்கள். ஆள் போன பிறகு எடுக்கச் சொல்லி அநேகமாக யாரும் கேட்டதில்லை. உல்ரிகாவே நினைவு வைத்து எடுத்தால்தான் உண்டு.

ஜூனில்தான் தொல்லை. ஊரே ஐந்து வாரம் விடுமுறையில் போகும். அந்த இடங்களை நிரப்ப முந்நூறு கோடை மாற்றாட்கள் ஒரே வாரத்தில் வந்து சேர்வார்கள். படிவம் உல்ரிகாவின் மேசையைத் தாண்டப் பத்து நாளாகும். வலியோடு படுத்திருக்கிறவர் பத்து நாள் காத்திருப்பாரா? பக்கத்தில் நிற்பவரின் அட்டையை இரவல் வாங்கி மாற்றாள் அலமாரியைத் திறப்பார். எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

போன கோடையில் ஒரு முதியவருக்கு மருந்து இரண்டு மடங்காகப் போய்விட்டது. அவர் பிழைத்துக்கொண்டார். கொடுத்தது ஒரு மாற்றாள். பதிவில் இருந்ததோ ஐந்தாம் வார்டு நர்ஸ் மலினின் பெயர். அட்டை அவளுடையது. இரண்டு மாதம் விசாரணை நடந்தது. அது முடிந்த பிறகு ஒரு நாள், சாப்பாட்டு அறையில் அவள் உல்ரிகாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உன் மேல கோவம் இல்ல உல்ரிகா. ஆனா அடுத்த ஜூன்லயும் எவளாவது வந்து கார்டு கேப்பா. நான் என்ன சொல்லட்டும்? பத்து நாள் கழிச்சு வான்னா?"

"கேக்க மாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையைக் கொடுத்திருக்கிறோம் என்று உல்ரிகாவுக்கு உறைத்தது.

குளிர்காலம் முழுக்க ஒரு நோட்டோடு வார்டு வார்டாக நடந்தார். யார் உண்மையில் எதைத் திறக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். பிறகு அவற்றை விதிகளாக்கினார். பணியாளர் பதிவேட்டில் ஒருவருடைய வேலை, வார்டு, சேரும் நாள் மூன்றும் இருந்தால் போதும். அன்று காலை கணினியே அவரைச் சரியான குழுக்களில் சேர்த்துவிடும். வார்டு மாறினால் மாற்றும். விலகினாலோ விடுப்பில் போனாலோ எடுத்துவிடும்.

மேலாளர் ஹோக்கான் அவரைவிடப் பத்து வயது இளையவர், சீண்டுவதில் பிரியமுள்ளவர். "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பண்ணிட்டா நீ என்ன பண்ணுவ? காளான் பொறுக்கப் போவியா?"

"காளான் ஆகஸ்ட்லதான் முளைக்கும். அதுவரைக்கும் பொறுத்திருக்கணும்," என்றார் உல்ரிகா.

மாற்றாட்கள் வருவது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழனன்று உல்ரிகா வெள்ளோட்டம் பார்த்தார். எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்ற பட்டியலை மட்டும் காட்டச் சொன்னார். சேர வேண்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சரியாக இருந்தார்கள். நீக்க வேண்டியவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அறுபத்தொரு பெயர் வந்தது. பதினேழாவது பெயர் மலின்.

ஹோக்கான் பட்டியலைப் பார்த்தார். "நிறுத்திடு. இந்த வருஷமும் படிவத்துலயே ஓட்டிடலாம்."

"சரி. மலின்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

ஹோக்கான் காபியைக் குடித்தார்.

உல்ரிகா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லோரையும் அவருக்குத் தெரியும். பாதியில் விரல் நின்றது. இவர்களில் பெரும்பாலோருக்குச் சின்னப் பிள்ளைகள். மலின் புதனும் வெள்ளியும் மகளை அழைத்துவர இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவாள். அந்தச் சில மணி நேரம் பெற்றோர் விடுப்பு. அதை வைத்துப் பதிவேடு அவளை 'விடுப்பில்' என்று எழுதியிருந்தது. மற்ற நேரமெல்லாம் அவள் வார்டில்தான் நிற்கிறாள். உல்ரிகாவும் தன் இரண்டு பிள்ளைகளுக்காக ஏழு வருடம் அப்படிக் கிளம்பிப் போனவர்தான். அதனாலேயே அதை ஒரு விடுப்பு என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

விடுப்பு எத்தனை பங்கு என்பதும் பதிவேட்டில் இருந்தது. விடுப்பில் இருப்பவரை, அது முழு விடுப்பானால் மட்டும் நீக்கு என்று விதியைத் திருத்தி மறுபடி ஓட்டினார். அறுபத்தொன்று நான்காயிற்று. நால்வருக்கும் தொலைபேசினார். மூவர் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தார்கள். நான்காமவர் நார்வேயிலிருந்து பேசினார்.

"இங்க வந்து மூணு வருஷம் ஆச்சே. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. உன் கார்டு இன்னும் எங்க மார்ஃபின் அலமாரியத் திறக்குது."

"அடப்பாவமே. இவ்வளவு நாளா யாரும் கவனிக்கலையா?"

"நான்தான் கவனிச்சிருக்கணும்," என்றார் உல்ரிகா.

திங்கள் காலை ஆறே முக்காலுக்கு ஐந்தாம் வார்டில் காபிக் கோப்பையோடு போய் நின்றார். சிக்னே என்ற மாற்றாள், இருபத்திரண்டு வயதுப் பெண், மருந்து அலமாரியின் முன் வந்தாள். பக்கத்தில் மலின், தன் அட்டையைக் கையில் பிடித்தபடி. சிக்னே தன் அட்டையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"திறந்துடுச்சா?" என்றாள் மலின்.

"திறக்காதா என்ன?" சிக்னேவுக்குக் கேள்வி புரியவில்லை.

மலின் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். உல்ரிகாவைத் திரும்பிப் பார்த்தாள். உல்ரிகாவின் கையில் காபி ஆறிப்போயிருந்தது.

பெரிய சாதனை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெண் ஓர் அலமாரியைத் திறந்தாள். ஆனால் அந்தக் கோடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சொந்தப் பெயரில் வேலை செய்தார்கள். அவர்கள் செய்தது அவர்கள் பெயரிலேயே நின்றது. சிக்னே ஆச்சரியப்படவே இல்லை என்பதை உல்ரிகா வீட்டில் இரண்டு முறை சொன்னார்.

இலையுதிர்காலத்துக்குள் இருநூற்று நாற்பது குழுக்களில் ஒன்று தவிர எல்லாம் விதிக்குள் வந்துவிட்டன. மீந்தது கீழ்த்தளத்தில் உள்ள விடைபெறும் அறை. இறந்தவரைக் குடும்பத்தார் கடைசியாக வந்து பார்க்கும் இடம்.

"அது ஒரு வரிதானே," என்றார் ஹோக்கான். "ஏன் விட்டு வெச்சிருக்க?"

"அது இருக்கட்டும்."

அந்தக் கதவுக்கான பெயர்களை உல்ரிகா இன்றும் கையால்தான் சேர்க்கிறார். சேர்ப்பதற்கு முன் அந்தப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே வருகிறவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுகிறார்.