எந்த ஷரத்துப்படி?

ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுக்கும் அந்த டீச்சரின் சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஷரத்து டீச்சர் என்றால் வாசலில் நிற்கும் காவலாளிகூட வழி காட்டிவிடுவார். யார் எது சொன்னாலும் “எந்த ஷரத்துப்படி?” என்று கேட்கிற பழக்கத்தால் வந்த பட்டம் அது. பெஞ்சு மாறி உட்கார்ந்தவனிடம் கேட்பார். தன் பீரியடை அபகரிக்க வரும் கணக்கு வாத்தியாரிடம் கேட்பார். வீட்டில் டிவி ரிமோட்டைக் கைப்பற்றிய கணவரிடமும் கேட்பார். பஸ் ஓட்டுநரான அந்த மனிதர், “ரோட்டுல எத்தனை ஹாரன் அடிச்சாலும் தாங்கிடுறேன், இந்த ஒரு கேள்வியத்தான் தாங்க முடியல” என்று ரிமோட்டை நீட்டிவிடுவார்.

ஜனாதிபதித் தேர்தல் பாடத்தை அவர் புத்தகத்தைத் திறந்து நடத்தியதே கிடையாது. வகுப்பே தனக்கொரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேட்புமனு, பிரசாரம், ரகசிய வாக்கு, பதவிப் பிரமாணம் எல்லாம் உண்டு. காலி பிஸ்கட் டின்தான் வாக்குப்பெட்டி. கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் சார்ட் பேப்பர்தான் வகுப்பின் அரசியலமைப்புச் சட்டம். பிள்ளைகளே முட்டி மோதி எழுதியது. டீச்சர் உட்பட எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். “ஜனாதிபதி பெருசா, சட்டம் பெருசா?” என்று டீச்சர் கேட்டால், “சட்டம்!” என்று கூரை அதிரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவர் காய்ச்சலோடுகூடப் பள்ளிக்கூடம் வந்ததுண்டு.

அந்த வருஷம் ஜெயித்தவள் வானொலி. தூக்கத்திலும் பேசுவாள் என்று பெற்ற தாயே சாட்சி சொன்ன பெண். வகுப்பில் ஓடாமல் கிடக்கும் மின்விசிறியை ஓட வைப்பேன் என்பது அவள் வாக்குறுதி. ஜெயித்தவர்கள் வாக்குறுதியை மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, பாதி வகுப்பைக் கிளப்பிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கே அவர் மேலதிகாரி ஒருவரிடம் தன் பள்ளியின் கட்டுப்பாட்டைப் பற்றி வாய் வலிக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கிளம்பியதும் ஷரத்து டீச்சருக்கு அழைப்பு வந்தது.

“என் மானமே போச்சு டீச்சர்! அந்தப் பொண்ண இன்னைக்கே பதவியிலருந்து தூக்குங்க. இல்லன்னா இனிமே தேர்தலும் கிடையாது, ஜனாதிபதியும் கிடையாது. எல்லாரையும் மாதிரி புத்தகத்தப் பாத்து நடத்துங்க.”

அந்தப் பிஸ்கட் டின் இல்லாத வருஷத்தை டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயம் கோபமாக மாறி, வகுப்புக்குள் நுழைந்த வேகத்தில் வெடித்தார்.

“வானொலி, உன் பதவி காலி! டேய், நீ எந்திரி. இந்த நிமிஷத்துலருந்து நீதான் ஜனாதிபதி.”

டேய் என்றது, தேர்தலில் வானொலியிடம் தோற்றவனை. வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் கவனிப்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். எழுந்து நின்றான்.

“டீச்சர்... எந்த ஷரத்துப்படி?”

டீச்சர் சுவரைப் பார்த்தார். ஜனாதிபதியை நீக்க வேண்டுமானால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், பிறகு வகுப்புப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கை தூக்க வேண்டும் என்று ஏழாவது ஷரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே தன் கையெழுத்து. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளேயே, இத்தனை வருஷம் கத்தியது வீண்போகவில்லை என்று ஒரு சந்தோஷம் கிள்ளியது.

“நான் சொன்னது செல்லாது,” என்றார். “முறைப்படி விசாரிப்போம்.”

புகார் கொடுத்தவரும் வர வேண்டும் என்பதால் தலைமையாசிரியரைப் போய் அழைத்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார். அது ஓடாத மின்விசிறிக்கு நேர்கீழ். புகாரைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வானொலி தன் வாழ்நாளிலேயே மிகச் சின்னப் பேச்சைப் பேசினாள்.

“ஃபேனுக்காகப் போனது சரி. பாடம் நடக்கும்போது போனது தப்பு. ரெண்டையும் செஞ்சது நாந்தான்.”

தலைமையாசிரியரைக் கண்ட பயத்தில் கைகள் மளமளவென்று உயர்ந்தன. டீச்சர் எண்ணினார். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு கை குறைந்தது. பதவி யாருக்குக் கிடைக்குமோ அந்த ஊமைக்கோட்டானின் கை மடியிலேயே இருந்தது. தலைமையாசிரியர் சட்டென்று தன் கையைத் தூக்கினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க,” என்றான் ஊமைக்கோட்டான். “உங்களுக்கு இங்க ஓட்டு இல்ல.”

“எந்த ஷர...” என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் வகுப்பு முழுக்க, வானொலியை நீக்கக் கை தூக்கியவர்கள், தூக்காதவர்கள், அவளும்கூட, எல்லோரும் சேர்ந்து, “ஷரத்து ஏழு!” என்று கத்தினார்கள்.

தூக்கிய கை தூக்கியபடி இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று டீச்சர் நினைத்தார். தலைமையாசிரியர் கையை மெல்ல இறக்கி, அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சரிம்மா, உன் பதவி உனக்கே,” என்று எழுந்தார். “டீச்சர், அடுத்த வருஷத் தேர்தலுக்குள்ள இந்த ஃபேன ஓட வச்சாகணும். இல்லன்னா வேற எவனாவது இதையே சொல்லி ஜெயிச்சு என் ரூமுக்கு வருவான்.”

அடுத்த வருஷத் தேர்தல். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். பழைய உற்சாகத்துக்கு வந்துவிட்ட வானொலி விடுவதாக இல்லை.

“டீச்சர், நீங்க என்னை விசாரிக்காமயே தூக்கினீங்களே, அதுக்கு என்ன தண்டனை?”

“அதுக்கு ஷரத்தே இல்லையேம்மா.”

“அப்ப எழுதுவோம்!”

அரைமணி நேரம் சண்டை போட்டு எழுதினார்கள். சார்ட் பேப்பரின் அடியில், சிவப்பு மையில்: டீச்சர் கோபமாக இருக்கும்போது சொல்லும் எதுவும் செல்லாது.

டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். “இதுல நான் கையெழுத்துப் போடணுமா?” என்றார்.

“நீங்க போட்டாத்தான் டீச்சர் செல்லும்.”

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இந்தச் சங்கதி கணவர் காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.