ரைன் அருவிக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிக்கோத் துப்பாக்கி

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே சுவிஸில், ஓல்டனிலிருந்து நொய்ஹவுசனுக்குப் போய் வந்தேன். ரைன் அருவி பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மையில் போனது ஒரு துப்பாக்கிக்காக.

சிரிக்காதீர்கள். இலங்கையில் யுத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவனுக்கு யுத்தத் துப்பாக்கி சேர்க்கிற விசர் எப்படிப் பிடித்தது என்று மனைவியே கேட்டுக் களைத்துவிட்டாள். நான் மெசின் திருத்துகிறவன். குண்டு பாயும்போது வருகிற வாயுவைப் பிடித்து, அதைக்கொண்டே அடுத்த குண்டை ஏற்றவைத்த அந்தக்காலத்து மூளையில்தான் எனக்குப் பைத்தியம். அப்படியான ஆரம்பகால அரைத்தானியங்கித் துப்பாக்கிகள் மூன்று வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. நான் தேடிய நாலாவது, மெக்சிக்கோ இராணுவத்துக்காக நொய்ஹவுசனில் செய்யப்பட்டு, முதலாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படையின் கைக்குப் போனது. எங்கள் சனம் ஐஸ்கிறீம் குடிக்கப் போகிற அருவிக்குப் பக்கத்தில் பிறந்த சாமான்!

அந்த ஊரில் ஒரு பென்சன்காரர் விற்கச் சம்மதித்திருந்தார். பொலிஸ் அனுமதியும் என் கையில் இருந்தது. ஆனால் என்னிடம் கார் இல்லை. ரெயினில் கொண்டுவரலாம், சட்டம் தடுக்காது. நீட்டுப் பெட்டியோடு என்னைப் போல ஒரு கறுத்த மனிதன் ரெயினில் ஏறினால் சனம் எப்படிப் பார்க்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் தயாளனைக் கேட்டேன்.

தயாளன் மட்டக்களப்பான், முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை, என் நல்ல சிநேகிதன். ‘பழைய மெசின் ஒண்டு ஏத்தவேணும்’ என்றேன். ஏன் உண்மையைச் சொல்லவில்லை? அவனிடம் இருப்பது இன்னமும் இலங்கைப் பாஸ்போர்ட். இலங்கைக் குடிமக்கள் சுவிஸில் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. நானே சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருந்துதான் முதலாவதை வாங்கினேன், ஆகவே தெரியாது என்று கதை விடமுடியாது. அதிலும் அவனை அடுத்த கிழமை குடியுரிமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொலிஸ் மறித்தால் அவன் இத்தனை வருசம் காத்திருந்தது அவ்வளவும் அம்போ. ‘ஆர் மறிக்கப் போறான்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். அருவியை நொய்ஹவுசன் பக்கத்திலிருந்து பாருங்கள், இலவசம். எதிர்க்கரைக் கோட்டைப் பக்கம் ஐந்து பிராங். மே மாதத்தில் பனி உருகித் தண்ணீர் நல்ல மொத்தமாக விழும், சட்டை நனையும்.

பிறகு அந்த வீடு. ‘நீ காருக்குள்ளயே இரு, பத்து நிமிசத்தில வாறன்’ என்றேன். தயாளன் கேட்டானா? ‘ஒரு வீட்டு வாசல் வரைக்கும் வந்திட்டு வெறுங்கையோட நிக்கிறதோ, என்ன கதை கதைக்கிறாய்?’ என்று, தான் விடியவே எழும்பிப் பொரித்த ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் மணியை அடித்தான்.

வீட்டுக்காரருக்கு ரோல்ஸ் பிடித்துவிட்டது. இரண்டு சாப்பிட்டார், கோப்பி தந்தார். துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐயோ, என்ன வேலைப்பாடு! தயாளன் கதிரையைப் பின்னுக்கு இழுத்து, கையை மடிக்குள் வைத்துக்கொண்டான். ‘இதுவோ மெசின்?’ என்று தமிழில் மெதுவாகக் கேட்டான். நான் துப்பாக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

‘இவரும் சுவிஸ்தானே?’ என்று கிழவர் கேட்டார்.

‘ஓமோம், அவரும்தான்’ என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

தயாளன் கோப்பையை வைத்தான். ‘இல்லை. நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். கார் என்னுடையது’ என்று தெளிவான ஜெர்மனில் சொன்னான்.

கிழவர் துப்பாக்கியைத் துணியில் சுற்றித் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. ‘சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இவருக்குத் தெரியாமல் இவருடைய காரில் ஏற்ற இருந்தீர்களா?’ என்று மட்டும் கேட்டார். என் முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ரோல்ஸ் பெட்டியைக் கழுவித் துடைத்துத் தயாளனிடம் கொடுத்து, அவனுக்கு மட்டும் கை கொடுத்து அனுப்பினார்.

இப்படியான பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். அருவியை முதலில் பாருங்கள். துப்பாக்கியைக் காரில் ஏற்றியபிறகு எங்கும் மினக்கெடாமல் நேரே வீட்டுக்குப் போகவேண்டும், குண்டுகள் வேறாக இருக்கவேண்டும். உங்களோடு வருகிறவருக்கு எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். இதை எழுதுகிறபோது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது வின்டர்தூர் வரை அவன் ரோட்டையே பார்த்துக் காரை ஓட்டினான். ஏசுவான் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் நல்லது.

‘சொல்லியிருக்கலாம் மச்சான்’ என்றான் கடைசியில். கொஞ்சத் தூரம் போனபிறகு, ‘என்ர பாஸ்போர்ட்டால உனக்கு அது கிடைக்காமப் போச்சு. குறை நினையாத’ என்றான்.

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓல்டனில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். ‘நான் அந்த மனிசனோட கதைக்கட்டோ? பிழை என்னில எண்டு சொல்லுறன். நீ வேற ஆரின்ரையும் காரில போய் எடு. நம்பரைச் சொல்லு.’

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேசையில் கிடந்த அந்தத் துப்பாக்கி கண்ணுக்குள் வந்தது.

நம்பரைச் சொன்னேன்.