குண்டு போடாத கைப்பிடி

எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் நாற்பத்திரண்டு விமானத் துண்டுகள் இருக்கின்றன. சேர்த்தால் ஒரு விமானம்கூட ஆகாது என்பதை விருந்தினர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாம் மைசூரின் குஜரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துச் சேர்த்தவை. விமானப்படை கழித்துப்போட்ட பழைய விமானங்கள் ஏலத்தில் உடைபட்டு, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஓட்டை அண்டாக்களுக்கும் சைக்கிள் ரிம்களுக்கும் நடுவே வந்து சேரும். அவற்றை அடையாளம் கண்டுகொள்ளவென்றே நான் பிறந்திருப்பதாக ஒரு நினைப்பு.

அடையாளம் காண்பது என்றால் எண்ணைத் தேடுவது. பெரும்பாலான பாகங்களில் ஓர் எண்ணைக் குத்தியிருப்பார்கள். அதன் முதல் சில இலக்கங்கள் எந்த விமானத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும், கோத்திரம் மாதிரி. எண் கிடைக்காதவற்றுக்குக் கோத்திரம் சூட்டுவது அவரவர் கற்பனை வளத்தைப் பொறுத்தது.

எனக்கு அந்த வளம் தாராளம். பதினோரு வருடங்களுக்கு முன் நான் முதன்முதலில் வாங்கியது ஒரு கைப்பிடி. ஒரு முழ நீளம், நுனியில் சிவப்புக் குமிழ், உடம்பெல்லாம் பச்சைப் பெயின்ட். கடைக்காரர், "நோடி, பாருங்க சார், ஃபைட்டர் பிளேன்து. இத இழுத்தா பாம்ப் விழும்" என்றார். அதற்கு முந்தைய வாரம் ஒரு மிக்சி மூடியை அதே குரலில் அவர் எனக்கு விற்கப் பார்த்தது நினைவிருந்தும் நம்பினேன்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரசம் வருவதற்குள் இந்தக் கைப்பிடியின் கதையைச் சொல்லி நான் ஒரு குண்டு போட்டுவிடுவேன். கைப்பிடியில் எண்ணை மட்டும் தேடவே இல்லை. "பழைய பெயின்ட்டைச் சுரண்டக் கூடாது" என்பேன். எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு விதி உண்டு. என் பயத்துக்கு அது நல்ல போர்வை.

சென்ற புரட்டாசியில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். எஞ்சினியர். விமானப்படையின் பழைய பயிற்சி விமானம் ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து மறுபடி பறக்கவைக்கப் பாடுபடுகிறவர். சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டிருந்த படத்தைப் பார்த்திருக்கிறார்.

"சார், உங்க பாம்ப் லீவர் எங்க சீட் லீவர் மாதிரியே இருக்கு. பின் சீட்டை ஏத்தி இறக்குறது. அது ஒண்ணுதான் எங்கேயும் கிடைக்கல."

"இது ஃபைட்டர் பிளேன்தும்மா."

"இருக்கலாம் சார். நம்பர் மட்டும் பாத்துச் சொல்லுங்க. நம்பர் தெரியாம நான் மாட்ட முடியாது. மேல போனப்புறம் சீட்டு இறங்கிட்டா பின்னாடி உக்காந்து ஓட்டுறவருக்கு முன்னால ஒண்ணும் தெரியாது."

ஸ்பீக்கரில் போட்டது என் தவறு. கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் பிறந்த என் மனைவி பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ள இவ்வளவு கேக்குது. பாத்துச் சொன்னா என்ன?"

"பெயின்ட் போயிடும்."

"பெயின்ட்டா போவும்? உங்க குண்டுக் கதையில்ல போயிரும்!"

பூஜை முடியட்டும் என்று தள்ளிவைத்தேன்.

ஆயுத பூஜையன்று மைசூரில் எந்த இரும்பும் தப்பாது. ஸ்கூட்டர், அரிவாள்மனை, வாஷிங் மெஷின் எல்லாமே பொட்டு வைத்துக்கொள்ளும். என் துண்டுகளும் வருடாவருடம் வரிசையில் உட்காரும். அவற்றுக்கு மட்டும் பெயின்ட் கெடாதபடி, ஒட்டுக் காகிதத்தின்மேல் நானே குங்குமம் வைப்பேன். இந்த முறை நான் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி கைப்பிடிக்கு மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டுவிட்டாள்.

"ஐயோ, அதுக்குப் பொட்டு போதும்!"

"வாஷிங் மெஷினுக்கே பட்டை போட்டாச்சு. குண்டு போட்டவருக்குப் பொட்டுதானா?" என்றபடி அதிகமாக இருந்ததை முந்தானையால் லேசாகத் தட்டினாள். தட்டிய கை நின்றது. "ஏனுங்க, இங்க என்னமோ எழுதியிருக்குது."

"என் கண்ணாடியைக் காணோம்."

"நெத்திக்கு மேல இருக்குது."

குமிழுக்குக் கீழே, பெயின்ட்டுக்கு அடியில் மங்கிக் கிடந்த எண்ணின் பள்ளங்களில் திருநீறு போய் உட்கார்ந்திருந்தது. பச்சையின்மேல் பளிச்சென்று வெள்ளை எழுத்து. பெயின்ட் ஒரு பொட்டுகூட உதிரவில்லை. முதல் இலக்கங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: பயிற்சி விமானம். விரலால் ஒரு தேய், அவ்வளவுதான், யாருக்கும் தெரியாது. கட்டைவிரல் எழுந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனைவி என் போனை எடுத்து நீட்டினாள். படம் எடுத்து அனுப்பினேன்.

ஒரு நிமிடத்தில் போன். "இதேதான் சார்! இதேதான்!" பின்னால் இரண்டு மூன்று பேர் கத்துவது கேட்டது.

மறுநாளே அந்தப் பெண் வந்துவிட்டார். கைப்பிடியைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டார். நான் கொஞ்சம் சோகமாக நின்றிருக்க வேண்டும்.

"பதினோரு வருசம் குண்டு போட்டீங்க," என்றாள் மனைவி. "இனிமேலாச்சும் ஒருத்தரு நல்லா உக்காந்து போகட்டும்."

அதன்பிறகு பந்திகளில் ரசம் வரும்வரை சும்மா இருக்கப் பழகிவருகிறேன். விமானத்தின் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டதாம். ஓடுபாதையில் ஓட்டிப்பார்க்கும் நாளில் பின் சீட்டில் உட்கார வரும்படி அழைத்திருக்கிறார்கள். என் உயரத்துக்கு சீட்டை நன்றாகவே ஏற்ற வேண்டியிருக்கும். எதை இழுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.