தீவு மண்ணில் பன்னிரண்டு சாடிகள்

சூளை திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள்: தொண்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர், அவருடைய சாரதி, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பங்குத்தந்தை, கிராம சேவையாளர், படம் பிடிக்க இரண்டு பேர், அம்மா. வராதவர்கள்: காற்று வாய்ப்பாக இருந்ததால் கடலுக்குப் போய்விட்ட அப்பா, மற்றது, சாடி வாங்கக்கூடிய எவரும்.

போர் முடிந்து மீள்குடியேறித் தலைமன்னாரில் தகரக் கொட்டிலில் இருந்தோம். குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் மட்பாண்டக் கலையும் படித்திருந்தேன். அதனால் வாழ்வாதாரத் திட்டத்தில் எனக்கு ஒரு சக்கரமும் காஸ் சூளையும் கிடைத்தன. மாரி முடியும்வரை பார்ப்பார்கள். குறை இல்லையென்றால் சூளை எனக்கு. இருந்தால் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

தீவுக்கு வெளியே, கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து களிமண் எடுப்பிக்க நினைத்திருந்தேன். அலுவலருக்கு அது பிடிக்கவில்லை.

"அது வயல் மண், தம்பி. நீங்கள் தீவு ஆள். உங்கட வளவு மண்ணிலதான் உங்கட கதை கிடக்கு."

அந்த வருடம் எல்லாவற்றுக்கும் கதை தேவைப்பட்டது. நிறுவனம் கட்டித் தந்த மலசலகூடத்திலும் ஒரு தாயின் கதை என்று பலகை தொங்கியது. நான் வீட்டு வளவுக்குப் பின்னால் பள்ளத்தில் வெட்டினேன்.

மண்ணைக் கரைத்து, நித்திரைக்குக் கட்டும் நுளம்பு வலையில் வடித்து, சாக்கு மூடிப் பதப்பட விடுவேன். விடிந்ததும் பிசைவேன். சக்கரத்தில் இருக்கும்போது யாரோடும் பேசுவதில்லை. கதவில் அப்படியொரு அட்டையும் மாட்டியிருந்தேன். ஊரவர்கள் அட்டையை வாசித்துவிட்டு உள்ளே வந்து, மீன் சட்டி செய்வீரோ என்று கேட்பார்கள். நான் சட்டி செய்வதில்லை, உருவங்களைத் தேடுகிறேன் என்று விளக்குவேன். கிடைத்தால் சொல்லச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

விழாவில் பன்னிரண்டு சாடிகளும் அன்பளிப்பாகப் போயின. அம்மாவைத் தவிர வந்தவர்களுக்கு ஒவ்வொன்று, அலுவலருக்கு மட்டும், மேலிடத்துக்கும் சேர்த்து, ஆறு. கை தட்டினார்கள். பிறகு மழை தொடங்கியது.

முதலில் பங்குத்தந்தையிடமிருந்து ஆள் வந்தது. போனேன். மாதா சுரூபத்தின் காலடியில் சாடி இருந்தது. உடம்பெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழிகள்.

"பூசை நேரம் டிக் டிக் எண்டு சத்தம் போடுது," என்றார். "சனம் மாதா செய்த புதுமை எண்டு முழந்தாளில நிக்க முன்னம் இதை என்னெண்டு பாரும்."

ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. சிப்பி. வலைக்குள்ளால் நழுவிய சிப்பித் துகள், சூட்டில் சுண்ணாம்பாகி, மாரி ஈரத்தைக் குடித்து ஊதி, சாடியின் தோலை உடைத்துக்கொண்டு வந்திருந்தது. பன்னிரண்டிலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

நிறுவனத்தின் கந்தோருக்குப் போனேன். அங்கே அலுவலரின் தேத்தண்ணிக்குள் சாடியிலிருந்து ஒரு சில்லு தெறித்துப் பாய்ந்திருந்தது. அவர் கோபப்படவில்லை, பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

"தம்பி, இது கலையோ, பழுதோ? அறிக்கையில எதைப் போட?"

கலை என்று சொல்லியிருந்தால் அப்படியே எழுதியிருப்பார். ஆனால் அதன்பிறகு நான் செய்யும் எல்லாமே தெறிக்க வேண்டியிருக்கும்.

"பழுதுதான், சேர். எல்லாத்தையும் மாத்தித் தாறன். அதுக்குப் பிறகு எழுதுங்கோ."

மாத முடிவுவரை தவணை தந்தார். வீட்டில் சொன்னேன். அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு லான்ட்மாஸ்டர் உழவு வண்டி ஒன்றைக் கூலிக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். கட்டுக்கரையில் மண்வெட்டியை என்னிடம் தந்துவிட்டு, "கதை இல்லாத மண்ணாப் பாத்து வெட்டு," என்றார்.

புதிய சாடிகளை எல்லோரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். பழையதை ஒருவரும் திருப்பித் தரவில்லை. வெள்ளைக்காரப் பெண்மணி, குழி விழுந்ததுதான் தனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது என்று சொல்லி அனுப்பினார்; புதியதையும் வைத்துக்கொண்டார். அறிக்கையில் குறை இல்லை என்று எழுதப்பட்டது. சூளை எங்களுடையதானது.

லான்ட்மாஸ்டர் கூலி, இரண்டு சிலிண்டர் காஸ், அப்பா கடலுக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்த்து, இலவசச் சூளைக்கு நாங்கள் கொடுத்தது பத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.