பனா கலுபா கேட்ட படம்

சிலெஞ்சே சந்தையில் பனா கலுபா அடுப்புக்கரி விற்றாள். பக்கத்தில் நான் கபெந்தா என்கிற பொடிக் கருவாடு விற்றேன். அவள் கரித்தூள் என் மீனில் படியும், என் மீன் நாற்றம் அவள் துணியில் ஏறும். வருஷக்கணக்கில் இப்படித்தான் கிடந்தோம். பிள்ளை பெற்றவளை எங்கள் லுசாகாவில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'பனா' என்றால் அம்மா; கலுபாவின் அம்மா அவள், முசோண்டாவின் அம்மா நான், அவ்வளவுதான். அவளுடைய சொந்தப் பெயரைச் சவப்பெட்டி மேல் எழுதியிருந்தபோதுதான் நானே பார்த்தேன்.

அவளுக்கு வாய் ஜாஸ்தி. "இந்தக் கரி எரியுமா?" என்று ஒருத்தி கேட்டால் போதும்.

"உன் நாத்தனார் வயிறு மாதிரி எரியும். எடுத்துட்டுப் போ!"

அவள் புருஷன் லாரி ஓட்டினவன். கலுபா கைக்குழந்தையாக இருந்தபோது சாலையில் அடிபட்டுச் செத்தான். துக்கம் முடிந்ததும் அவன் சொந்தக்காரர்கள் வந்து கட்டில், பானை, ரேடியோ என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். சுவரில் மாட்டியிருந்த அவன் படத்தையும் விடவில்லை. சட்டம் நல்ல மரமாம், பாவிகள்.

"அப்பா எப்படி இருப்பாரும்மா?" என்று கலுபா கேட்டால், ஊருக்கே பதில் சொல்கிறவள் ஊமையாகிவிடுவாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எனக்கே அவர் முகம் மறந்துபோச்சு, பனா முசோண்டா. மூக்கு தெரியுது, கண்ணு வரமாட்டேங்குது. நாளைக்கு நான் போனா என் பொண்ணுக்கும் இதே கதிதானே? நல்லதா ஒரு படம் எடுத்து வச்சுடணும்."

படம் என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. குளித்து, எண்ணெய் தடவி, தேவாலயச் சீருடை போட்டு, கைப்பையைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து நிற்க வேண்டும். தலையிலிருந்து செருப்பு வரை விழ வேண்டும். "காலை வெட்டி எடுத்தா மோட்சத்துக்கு முட்டி போட்டா போறது?" என்பாள்.

பேருந்து நிலையத்தருகே ஸ்டுடியோ இருந்தது. ஆனால் எங்களுக்கு ஐனோ இருந்தாள். பின்லாந்துக்காரி. புருஷன் குடிநீர்த் திட்டத்தில் வேலை பார்த்தான், இவள் தினமும் கேமராவோடு சந்தைக்கு வந்துவிடுவாள். மற்ற வெள்ளைக்காரர்களைப் போலக் கார் ஜன்னலிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறவள் இல்லை. கரிமூட்டை மேல் உட்கார்ந்து எங்களோடு நிஷிமா என்கிற சோளக்களியை உருட்டித் தின்பாள். நல்லவள்தான். இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் ஊர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி எடுக்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம் அவளுக்கு. யாராவது நிமிர்ந்து நின்றால் கேமராவை இறக்கிவிடுவாள்.

"என்னைப் பாக்காதீங்க. நீங்க வேலை பாருங்க," என்பாள் எங்கள் பாஷையைக் கடித்துக் கடித்து.

பனா கலுபா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். ஐனோ சிரித்தபடி காத்திருப்பாள். நின்று அலுத்துப்போய் இவள் கரி அள்ளக் குனிவாள், அப்போது க்ளிக் என்று சத்தம் கேட்கும்.

"ஸ்டுடியோவுக்குத்தான் போயேன்டி," என்றேன்.

"வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைவாங்களா?" என்றாள்.

ஒரு வியாழக்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற வழியில், சீருடையோடு சந்தைக்கு வந்தாள். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி, பளபளவென்று துடைத்த செருப்பு. என் கடைக்குப் பின்னால் போய் விறைப்பாக நின்றாள்.

"ஐனோ, இன்னிக்கு விடமாட்டேன். கால் வரைக்கும் விழணும்."

"கரி எங்க? கரி இல்லாம நீங்க மாதிரியே இல்ல," என்றாள் ஐனோ.

"கரி இல்லாதப்பதான் நான் நானு!"

ஐனோ சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் கேமராவைத் தூக்கினாள். நான் அந்த நேரம் ஒரு பிடி மீனுக்காக ஒருத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். க்ளிக் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டா!" என்று என் முதுகில் ஒன்று போட்டுவிட்டு ஜெபத்துக்கு ஓடினாள் பனா கலுபா.

அந்த வருஷக் குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிழிந்த துணியாய்க் கிடந்தபோதும் அவள் சொன்னது இதைத்தான்: "படம் இருக்குல்ல, எனக்கென்ன கவலை? ஐனோகிட்ட வாங்கிக் கலுபா கையில குடுத்துடு."

மழைக்கு முன்னால் செத்துப்போனாள். ஐனோ அப்போது விடுமுறைக்குத் தன் நாட்டுக்குப் போயிருந்தாள். அடையாள அட்டையில் இருந்த முகமோ தேய்ந்து வெளுத்துக் கிடந்தது. எங்கள் சாவுகளில் பெட்டிக்கு முன்னால் படத்தை ஏந்திக்கொண்டு ஒருவர் நடப்பார். கலுபா வெறுங்கையோடு நடந்தாள். அந்தக் கைகளைப் பார்த்து நான் அழுத அழுகை என் சொந்தத் தாய்க்குக்கூட அழுததில்லை.

ஐனோ திரும்பி வந்ததும் ஓடிவந்தாள். அழுதுகொண்டே ஒரு பெட்டி நிறையப் படங்களைப் பாயில் பரப்பினாள். கரி அள்ளும் கைகள், வளைந்த முதுகு, வியர்வை கோடிட்ட கழுத்து, புகைக்குள் குனிந்த தலை. அழகான படங்கள், பொய் சொல்லக்கூடாது. கலுபா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒதுக்கி வைத்தாள்.

"இதுல எங்கம்மா எங்க?"

ஐனோ படங்களை மறுபடி புரட்டினாள்.

"வியாழக்கிழமை எடுத்தது எங்க?" என்றேன். துழாவி எடுத்துக் கொடுத்தாள். படத்தில் இருந்தது நான். கையில் மீன், திறந்த வாய், மூக்கு மேல் அம்மைத் தழும்பு, எல்லாம் துல்லியம். எனக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் கலங்கலாக அவள் நின்றாள். கைப்பை, செருப்பு, தலைத்துணி எல்லாம் இருந்தன. தன்னைத்தான் எடுக்கிறார்கள் என்று நம்பி நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐனோ அதைக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக ஆக, கண்கள் இருந்த இடம் கரைந்துபோனது. "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன். ஆனால் கலுபா அந்தச் சின்னப் படமே போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கும் ஒரு பிள்ளை. நான் போகும்போதெல்லாம் குழந்தையைத் தூக்கிவந்து சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவாள். "பாட்டி பாரு," என்று சொல்லி, முன்னால் நிற்கும் என்னை உள்ளங்கையால் மறைப்பாள்.

"கோவிச்சுக்காதீங்க பெரியம்மா."

"கோபம் என்னடி கோபம்."

அவள் கை சின்னது, என்னை முழுக்க மறைக்காது. மிச்சத்தை நான் என் கையால் மறைப்பேன்.