கப்பல் வந்தாச்சு

துறைமுகத்து எண்ணெய்க் கிடங்கில் அவருக்குத் திருகாணி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர்தான். மீசை முளைத்த வயதில் சேர்ந்ததிலிருந்து தலை நரைக்கும் வரை அவர் பார்த்தது ஒரே வேலை. தொட்டிக்கும் கப்பலுக்கும் நடுவே போகிற குழாயின் வால்வைத் திறப்பார், மூடுவார். நாட்டின் கடலை எண்ணெய் அந்த வழியாகத்தான் வெளியே போனது. தான் திருகினால்தான் வெளிநாட்டுக்காரன் வீட்டு வாணலி காயும் என்று பெருமையடித்துக்கொள்வார். முதலில் நம் வீட்டுக் குழாயைத் திருகுங்கள், ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பார் மனைவி.

அவர் சேர்ந்த புதிதில் கப்பல்கள் கடலில் வரிசை கட்டி நிற்கும். பிறகு அந்த வரிசை போயிற்று. மாதத்துக்கு ஒன்று வந்தது, அப்புறம் அறுவடைக்கு ஒன்று. வெளிநாட்டுக்காரர்கள் மலிவான பனை எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷம் ஏற்றுமதி கொஞ்சம் ஏறும், அடுத்த இரண்டு வருஷம் இறங்கும். சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதைதான். அதற்கு ‘மந்தம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மந்தம் என்றால் சரியாகிவிடும் அல்லவா? திருகாணியும் அப்படியே நம்பினார். பாவம், நம்பாமல் வேறென்ன செய்வார்?

அந்த நம்பிக்கை அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருடைய அக்காவும் மாமாவும் உள்நாட்டில் கடலை பயிரிடுகிறவர்கள். கப்பல் வந்தால் ஆலைகள் போட்டி போட்டு வாங்கும், விலை ஏறும். அதனால் கடலில் கப்பல் தெரிந்ததுமே இவர் அக்காவுக்குப் போன் செய்வார். “கப்பல் வந்தாச்சு.” அவ்வளவுதான் சேதி. மாமா விற்பதை நிறுத்திவிடுவார், அவரைப் பார்த்து அக்கம்பக்கமும் நிறுத்திவிடும். மைத்துனன் சொல் மாமாவுக்கு வேதவாக்கு. இத்தனை வருஷத்தில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அந்த வருஷம் அறுவடை முடிந்தும் கப்பலைக் காணோம். மாமா வீட்டில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை, எங்கும் கடலை மூட்டை. மகள் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மூட்டை விற்றால்தான் அவள் கல்லூரியில் சேர முடியும். வியாபாரி ஒருவர் சுமாரான விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார், மாமாவும் போகட்டும் என்று தலையாட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். அன்று காலை கடலில் ஒரு கப்பல் நின்றது. திருகாணிக்குக் கால் தரையில் பாவவில்லை, உடனே போன் போட்டார். மாமா வியாபாரியை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஏற்ற வருகிற கப்பல் வெறும் வயிற்றோடு உயர்ந்து நிற்கும், சரக்கோடு வருவது அமிழ்ந்து நிற்கும். துறைமுகத்தில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இவர்தான் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் காலியாகவே வந்த கப்பலின் வயிற்றை யார் பார்ப்பார்கள்? அது கரையை அணைந்தபோதுதான், கழுத்தளவு தண்ணீரில் நிற்பதைக் கண்டார்.

இனிமேல் இப்படித்தான் என்றார் சூப்பர்வைசர். இறக்குமதிக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள், நம் ஆலைக்காரர்களே இந்தப் பனை எண்ணெயைத்தான் வாங்கப் போகிறார்கள், குழாய் அதே குழாய்தான். அப்படியானால் நம் கடலை என்று திருகாணி இழுத்தார். சூப்பர்வைசர் அவர் முகத்தைப் பார்க்காமல், குழாயைக் கழுவியாயிற்றா என்று கேட்டார்.

திருகாணி வால்வைத் திறந்தார். எப்போதும் திருகுகிற பக்கமே திருகினார். உறைந்துவிடாமல் இருக்கச் சூடாக்கி அனுப்பிய எண்ணெய். கொஞ்ச நேரத்தில் குழாய் வெதுவெதுப்பானது. இவ்வளவு காலத்தில் அந்தக் குழாய் சுட்டு அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

“ஏத்த ஆரம்பிச்சுட்டாங்களாடா? மாமா கேக்கச் சொன்னார்.”

“ஏத்தலக்கா. இறக்குறாங்க.”

“எதை?”

“எண்ணெயத்தான்.”

அக்காவுக்குப் பின்னால் மாமா யாரிடமோ, கப்பல் வந்தாச்சு, இன்னும் நாலு நாள் பொறுங்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீ திறக்கலேன்னா வராதுல்ல?” என்று அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நான் இல்லேன்னா வேற ஆளு திறப்பான்க்கா.”

“அப்ப அவனே திறக்கட்டும். நீ கை வைக்காதடா, தம்பி.”

அக்கா அதுவரை அவரிடம் எதையும் கெஞ்சியதில்லை. குழாய்க்குள் எண்ணெய் ஓடுகிற இரைச்சல் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, “சரிக்கா” என்றார்.